ஒரு கிடார், இரண்டு ஆம்ப்: சென்னையில் வாசிப்பவர்களின் அனுபவங்கள்

வடபழனியிலிருந்து:

நான் ஒத்திகை பார்க்கும் ஜாம் ரூமில் வால்வில் ஓடும் ஒரு ட்யூப் ஆம்பும் (ஆம்ப்ளிஃபையர்), ட்ரான்சிஸ்டரில் ஓடும் ஒரு சாலிட் ஸ்டேட் ஆம்பும் இருக்கின்றன. ட்யூபில் டிஸ்டார்ஷனை, அதாவது கரகரப்பை, ஏற்றிவிட்டு, மற்றதைக் கரகரப்பில்லாமல் க்ளீனாக வைத்து, இரண்டிலும் ஒரே நேரத்தில் வாசிப்பேன். டிஸ்டார்ஷன் கூடினால் கார்ட் வாசிக்கும்போது கம்பிகள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். க்ளீன் ஆம்ப் கூடவே ஓடினால் ஒவ்வொரு கம்பியும் தெளிவாகக் கேட்கும். இந்தச் சத்தத்துக்காக எவ்வளவு கேபிளையும் சுமக்கலாம்.

சமீபத்தில் ஒரு தம்பி அங்கே இதையே முயன்றுகொண்டிருந்தார். தனித்தனியாக இரண்டு ஆம்பும் கனமாகத்தான் கேட்டன. சேர்த்ததும் சத்தம் மெலிந்துபோனது. பேஸ் நாபை முழுக்கத் திருகியும் பலனில்லை. "ஸ்பீக்கர் போயிடுச்சாண்ணா?" என்று கேட்டார். ஸ்பீக்கரில் கோளாறே இல்லை, போலாரிட்டி எதிரெதிராக இருந்தது. ஒன்று காற்றை முன்னே தள்ளும்போது இன்னொன்று பின்னே இழுக்கும். தடித்த ஈ கம்பியின் 82 ஹெர்ட்ஸ் அலை நாலு மீட்டருக்கு மேல் நீளம். அருகருகே வைத்த ஆம்ப்களின் இடைவெளி அந்த நீளத்துக்கு முன் ஒன்றுமே இல்லை, அதனால் முதலில் அடிபடுவது அடிச்சத்தம்தான்.

ட்யூப் ஆம்பில் பெரும்பாலான கெயின் ஸ்டேஜ்கள் (சிக்னலைப் பெருக்கும் படிகள்) சிக்னலைத் தலைகீழாக்கும். ஓர் ஆம்பில் அந்த ஸ்டேஜ்களின் எண்ணிக்கை இரட்டைப்படை, மற்றதில் ஒற்றைப்படை என்றால் முடிந்தது. ஒரே ஆம்புக்குள்ளும் இது உண்டு. ஃபெண்டர் ட்வின் ரிவெர்பில் வைப்ராட்டோ சேனலுக்கு ஒரு ஸ்டேஜ் கூடுதல், அதனால் நார்மல் சேனலோடு எதிர் ஃபேஸில், அதாவது தலைகீழாக, இருக்கும். சாலிட் ஸ்டேட் ஆம்பை ஆஃப் செய்து, ஸ்பீக்கரின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றிச் செருகினோம். அப்புறம் அந்தத் தம்பி ரொம்ப நேரம் ஈ மைனரை விடவே இல்லை. ட்யூப் ஆம்பை மட்டும் ஸ்பீக்கர் கழன்ற நிலையில் ஆன் செய்துவிடாதீர்கள், அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

பெரம்பூரிலிருந்து:

எனக்குத் தொல்லை ஹம்தான். இரண்டு ஆம்பையும் கிடார் சிக்னலைப் பிரித்துத் தரும் ஸ்ப்ளிட்டரில் செருகியதும் 50 ஹெர்ட்ஸ் உறுமல், கிட்டத்தட்ட தாழ்ந்த ஜி ஸ்வரம். ஜி-யில் வாசித்தால் தம்பூரா போல ஒட்டிக்கொள்ளும், மற்ற ஸ்கேலில் சகிக்காது. ஓர் ஆம்பின் கேபிளை ஸ்ப்ளிட்டரிலிருந்து உருவினால் நின்றுவிடும். அப்படியென்றால் எர்த் லூப். இரண்டு ப்ளக்கின் எர்த்தும், இரண்டு கேபிளின் ஷீல்டும் (வெளிப்புறக் கம்பி வலை) சேர்ந்து ஒரு வளையமாகிவிடுகின்றன.

ஒரு ஹாலில் சவுண்ட் பார்த்தவர், "எர்த் பின்னை உடைச்சிடுங்க, சரியாயிடும்" என்றார். ஹம் நிற்கும், உண்மை. ஆனால் கிடார் கம்பி, கேபிள் ஷீல்ட் வழியாக ஆம்பின் உலோகச் சட்டமான சேஸியோடு இணைந்திருக்கிறது. உள்ளே எங்காவது லீக் ஆனால் 230 வோல்ட் கைக்கு வரும், உதடு மைக்கில் பட்டால் ஆளே போய்விடலாம். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். எனக்குத் தீர்வு கிடைத்தது ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய, நேரடி ஒயர் தொடர்பில்லாமல் சிக்னலை மட்டும் கடத்தும் 1:1 ஆடியோ ட்ரான்ஸ்ஃபார்மரில். ஒரு பக்கத்தில் மட்டும் போட்டு, அந்தப் பக்கத்தின் ஷீல்ட் தொடர்பையும் பிரித்தேன். அதற்கு முன்னால் ஒரு பஃபர் வையுங்கள், கிடாரின் பிக்கப் (கம்பியின் அதிர்வை சிக்னலாக்கும் பாகம்) மேல் சுமை ஏறாமல் அது காக்கும். வெறும் ஒய் கேபிளில் இரண்டு 1 மெகா ஓம் இன்புட் சேர்ந்து பிக்கப்புக்கு 500 கிலோ ஓம் ஆகிவிடும், ட்ரெபிள் மங்கும். இப்போது ட்ரான்ஸ்ஃபார்மரோடு போலாரிட்டி சுவிட்சும் உள்ள ஏபிஒய் பெடல்களே (ஒரு ஆம்புக்கோ இரண்டுக்குமோ சிக்னலை அனுப்புபவை) கிடைக்கின்றன. வடபழனி நண்பர் சொன்ன பிரச்சினையும் அதிலேயே தீரும்.

அடையாறிலிருந்து:

நான் இரண்டு ஆம்ப் வைப்பது ஸ்டீரியோவுக்காக. 1975இல் வந்த ரோலண்ட் ஜேசி-120 ஒரே பெட்டியில் இதைச் செய்தது. இரண்டு 60 வாட் பவர் ஆம்ப், இரண்டு ஸ்பீக்கர், கோரஸ் (பல கிடார் சேர்ந்தது போன்ற எஃபெக்ட்) போட்டால் ஒன்றில் நேர்ச் சத்தம், மற்றதில் அசையும் சத்தம். கலப்பது காற்றில்தான். ஒரு தடவை கேட்டவர்கள் மோனோ கோரஸுக்குத் திரும்ப யோசிப்பார்கள்.

காலேஜ் கல்ச்சுரல்ஸ் மேடைகளில் மட்டும் கவனம். ஆம்ப்களை மேடையின் இரு ஓரத்தில் வைத்தால், இடது பக்கம் நிற்கிற கூட்டத்துக்கு ஓர் ஆம்ப்தான் கேட்கும். டிலே, அதாவது தாமதமாக வரும் எதிரொலி, ஒரு பக்கம், நேர்ச் சத்தம் மறுபக்கம் என்று பிரித்திருந்தால் பாதிப் பேருக்கு உங்கள் லீட் எதிரொலியாக மட்டும் போகும். இரண்டுக்கும் மைக் வைத்து, பிஏ-வில் (கூட்டத்துக்கான ஸ்பீக்கர்களில்) முழுக்க இடமோ வலமோ ஓரம் தள்ளாமல் நடுவை ஒட்டி பேன் செய்யச் சொல்லுங்கள். சவுண்ட் செக்கில் ஒரு தடவை இரண்டையும் ஒன்றாகக் கலந்து மோனோவில் கேட்டுப் பாருங்கள், போலாரிட்டி தப்பென்றால் அங்கேயே தெரிந்துவிடும்.