பூனைக்கு கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை நோய் வந்து, இட்ராகோனசோல் (பூஞ்சைக்கான மருந்து) குடுத்தவங்க யாராவது இருக்கீங்களா?

வணக்கம் மக்களே, எங்க பூனைக்கு மூக்குத்தண்டு மேல வீங்கி, ஒரு பக்க மூக்குல மட்டும் ரத்தம் கலந்த சளி வந்துட்டே இருந்துச்சு, சாதாரண சளின்னு ஆன்டிபயாடிக் போட்டாங்க, ஒண்ணும் கேக்கல. அப்புறம் வேற டாக்டர் வீக்கத்துல ஊசி குத்தி ஸ்லைடு போட்டுப் பாத்துட்டு கிரிப்டோகாக்கஸ்னு சொல்லிட்டாரு. புறா எச்சத்துல வளர்ற பூஞ்சை, எங்க அபார்ட்மெண்ட்ல ஏசி அவுட்டோர் யூனிட் பூரா புறாதான், கேக்கவா வேணும். பூனைகிட்டருந்து நமக்கு ஒட்டாதுன்னு டாக்டரே சொல்லியும் மாமியார் கிட்ட சேக்க மாட்டேங்குறாங்க, அது தனிக்கதை.

இப்ப இட்ராகோனசோல் கேப்சூல், சாப்பாட்டோட, மாசக்கணக்குல குடுக்கணுமாம், நடுநடுவுல லிவர் டெஸ்ட் வேற. வாயில வச்சா நுரை தள்ளி துப்பிடுது, பிரிச்சு உள்ள இருக்குற குட்டி உருண்டைங்கள மத்தி மீன்ல கலந்தா மீன நக்கிட்டு உருண்டைய மட்டும் தட்டுலயே விட்டுருது!! நீங்கல்லாம் எப்படி குடுத்தீங்க? ஃப்ளூகோனசோல்ங்கற இன்னொரு பூஞ்சை மருந்துக்கு மாத்துனவங்க இருக்கீங்களா, வீக்கம் வத்த எவ்ளோ நாளாச்சு? ரத்தத்துல ஆன்டிஜன் டைட்டர் (பூஞ்சையோட ஆன்டிஜன் எவ்ளோ இருக்குன்னு காட்டுற டெஸ்ட்) பாக்குற லேப் சென்னைல எங்க இருக்குன்னும் தெரிஞ்சா சொல்லுங்க. பூண்டு வைத்தியம் மட்டும் யாரும் சொல்லிடாதீங்க, அது பூனைக்கு விஷம்.