மெய்நிகர் தூதஞ்சலரா, தொலைத்துணையா?

அன்புடையீர்,

அருங்காட்சியகக் கலைப்பொருள் ஒன்று அயல்நாட்டுக் கண்காட்சிக்கு இரவலாகப் போகும்போது, பெட்டியை மூடுவது முதல் அங்கே திறப்பது வரை உடன் செல்லும் அலுவலரை அத்துறையினர் ‘கூரியர்’ என்பார்கள். அவர் விமானம் ஏறாமல், காணொளி வழியாகவும் பெட்டிக்குள் வைத்த, ஈரப்பதம் போன்றவற்றைப் பதியும் கருவி வழியாகவும் இருந்த இடத்திலிருந்தே கண்காணிக்கும் முறை 2020இல் கொரோனாவால் பரவியது. ஓர் ஆள் போய்வரும் பயணத்தின் கரியுமிழ்வு மிச்சமாவதால் பின்னரும் நீடிக்கிறது. ஆங்கிலத்தில் ‘virtual courier’ எனப்படும் இம்முறைக்குத் தமிழ்ச்சொல்லாக நண்பர் முன்மொழிந்த ‘மெய்நிகர் தூதஞ்சலர்’ எனக்கு உடன்பாடில்லை.

தூதஞ்சல் என்றதும் பொட்டலம் கொண்டுவந்து கொடுப்பவரே நினைவுக்கு வருவார். இங்கே கொண்டுசெல்பவர் வேறு, காப்பவர் வேறு. காப்பவருக்கு எங்கள் வேலூர்ப் பக்கத்தில் பழஞ்சொல் இருக்கிறது. பாலாற்றங்கரை விரிஞ்சிபுரத்தில் கோயில்கொண்ட மார்க்கபந்தீசுவரருக்குத் தமிழில் வழித்துணைநாதர் என்று பெயர். மிளகு மூட்டைகளோடு காஞ்சிபுரம் சென்ற வணிகருக்குக் கள்வர் பயம் நீங்க அவரே காவலாக உடன் போனார் என்பது தலவரலாறு. மூட்டையை அவர் சுமக்கவில்லை, துணைக்கு நடந்தார். ஆகவே உடன் செல்வதற்கு ‘வழித்துணை’ என்பதே பொருத்தம்.

‘மெய்நிகர்’ என்பது மெய்போலத் தோன்றுவதைக் குறிக்கும். இங்கே காவல் மெய்யானது, ஆள்தான் தொலைவில். செங்கம் நடுகல் போன்ற கனத்த கல்லுக்கு ஈரப்பதத்தைவிடத் தூக்கி இறக்கும்போது படும் இடியே ஆபத்து. பெட்டியின் புறத்தே ஒட்டும் அதிர்ச்சிகாட்டி வில்லையில் உள்ள சிறு குழல், அளவு மீறிய இடி பட்டால் சிவந்துவிடும், மறுபடி வெளுக்காது. சரக்குக் கொட்டகையில் அந்தச் சிவப்பைக் காணொளியில் கண்டு, ‘நிறுத்துங்கள், பெட்டியை ஏற்ற வேண்டாம்’ என்று சொல்பவரை மெய்நிகர் ஆள் என்று எப்படி எழுதுவது?

முதலில் ‘தொலைவழித்துணை’ என்று எழுதிப் பார்த்தேன். அது ‘நெடுவழிக்குத் துணை’ என்றும் படிக்க இடம் தருகிறது. ‘வழி’யை விட்டுத் ‘தொலைத்துணை’ என்றால் மயக்கமில்லை. தொலைக்காட்சி, தொலைபேசி என்று பழகிய வாய்க்கு எளிதாகவும் வரும். ஆளைக் குறிக்கத் ‘துணைவர்’ வேண்டாம், அது கணவரைச் சுட்டும், ‘தொலைத்துணையர்’ என்போம்.

வரையறையில் ஒன்றை மறைக்கக் கூடாது. மிச்சமாவது துணையரின் பயணம் மட்டுமே. பெட்டி விமானத்தில் பறந்தால் அதன் உமிழ்வு அப்படியே இருக்கும். கப்பலில் அனுப்புவதும், ஒருமுறை செய்த மரப்பெட்டியை எறியாமல் அடுத்த இரவலுக்கும் எடுத்துக்கொள்வதும் தனிச் செயல்கள். அவற்றுக்குத் தனிச்சொற்கள் வேண்டும். தொலைத்துணை என்ற ஒரே சொல்லில் அவற்றையும் அடைக்க வேண்டாம்.

வினைக்கு ‘தொலைத்துணை இருத்தல்’ போதும். ‘பெட்டி திறக்கும்வரை அவர் தொலைத்துணை இருந்தார்’ என்று எழுதினால் உறுத்தவில்லை.