‘துறை மோதல்’ வேண்டாம், ‘முன்பிடிப்பு’ என்போம்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

சர்வர் கண்காணிப்புக் கையேட்டின் தமிழாக்கத்தில் ‘போர்ட் கான்ஃப்ளிக்ட்’ (ஒரு நிரல் கேட்கும் போர்ட் எண்ணை வேறொன்று ஏற்கெனவே வைத்திருப்பது) என்பதற்குத் ‘துறை மோதல்’ ஏறக்குறைய முடிவாகிவிட்டது போலத் தெரிகிறது. அச்சுக்குப் போகும் முன் என் மறுப்பைக் கேளுங்கள்.

முதலில் ‘துறை’. வருவாய்த் துறை, காவல் துறை என்று நாள்தோறும் படிப்பவர் ‘துறை மோதல்’ என்றால் இரண்டு அரசு அலுவலகங்களுக்குள் சண்டை என்றுதான் எண்ணுவார். நம் போர்ட் என்பது 0 முதல் 65535 வரையுள்ள ஓர் எண். கணினிக்கு வந்து சேரும் தரவு எந்த நிரலுக்கு உரியது என்பதை அந்த எண்தான் சொல்கிறது. ராயபுரம் பக்கம் கண்டெய்னர் லாரி ஓட்டும் எவரும் சென்னைத் துறைமுகத்துக்கு ‘ஜீரோ கேட்’ என்றே வழி சொல்வார். துறைமுகம் ஒன்றுதான், உள்ளே போகும் வழியை எண்ணைக் கொண்டு அறிகிறார்கள். ஆகவே ‘வாயிலெண்’ என்பது என் முன்மொழிவு. வெறும் ‘நுழைவாயில்’ ஆகாது, அதைக் கேட்வேக்கு (ஒரு வலையை இன்னொன்றோடு இணைக்கும் கருவி) முன்பே கொடுத்துவிட்டோம்.

எனக்குப் பெரிய உறுத்தல் ‘மோதல்’தான். மணலியில் ஒரு சரக்கு நிறுவனத்தின் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். அதில் பிரொமீதியஸ் என்ற கண்காணிப்பு நிரல் மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடியது. ஒரு மின்தடைக்குப் பின் சர்வர் மீண்டும் எழுந்தபோது பிரொமீதியஸ் மட்டும் எழவில்லை. அதன் தரவை வரைந்து காட்டும் கிராஃபனாவின் வரைபடங்கள் வெறுமையாகக் கிடந்தன. எச்சரிக்கை மடலும் வரவில்லை, எச்சரிக்க வேண்டிய நிரலே படுத்திருந்தது. பதிவேட்டில் ‘முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது’ என்ற பொருளில் ஒற்றை வரி. பிரொமீதியஸின் எண்ணான 9090ஐ யார் வைத்திருக்கிறார் என்று, போர்ட்டுகளைக் காட்டும் எஸ்எஸ் கட்டளையால் பார்த்தால், மற்ற நிரல்களைத் தொடங்கிவைக்கும் ‘சிஸ்டம்டி’, செயல் எண் 1 என்று வந்தது. கணினியின் முதல் செயலே போய் அந்த எண்ணில் உட்கார்ந்திருக்கிறது!

நடந்தது இதுதான். சர்வரை உலாவி வழியே நிர்வகிக்க உதவும் காக்பிட்டை யாரோ இடையில் நிறுவியிருக்கிறார்கள். காக்பிட்டுக்கும் பிரொமீதியஸுக்கும் இயல்பு எண் 9090தான். காக்பிட்டுக்காக அந்த எண்ணைச் சிஸ்டம்டி தானே பிடித்து வைத்துக்கொள்ளும். யாராவது பக்கத்தைத் திறந்தால்தான் காக்பிட்டையே எழுப்பும். சாக்கெட்டுகள் (எண்ணைப் பிடித்துக்கொண்டு இணைப்புக்குக் காத்திருக்கும் முனைகள்) தொடக்கத்திலேயே திறக்கப்படுவதால் மறுதொடக்கத்தில் பிரொமீதியஸ் பிந்திவிட்டது. அந்த நேரத்தில் காக்பிட் ஓடவே இல்லை. ஓடாத ஒன்றோடு எது எப்படி மோதும்? முதலில் வந்தவருக்கு இடம், அடுத்து வந்தவருக்கு மறுப்பு, அவ்வளவுதான். உண்மையான மோதல் பழைய ஈதர்நெட் கம்பி வலையில் உண்டு: இருவர் ஒரே நேரத்தில் அனுப்ப, இரண்டு தரவும் கெட்டுப்போகும். அந்தச் சொல்லை அதற்கே விட்டுவைப்போம்.

பழுது பார்ப்பவர் கேட்க வேண்டிய கேள்வி ‘யார் பிடித்திருக்கிறார், யாருக்காக?’ என்பது. அந்தக் கேள்வியைத் தன்னுள் வைத்திருக்கும் சொல்லாக ‘முன்பிடிப்பு’ எனக்குப் படுகிறது. இடம் பிடிப்பது நம் எல்லோருக்கும் தெரிந்த வினை, விளக்கம் தேவையில்லை. தண்டையார்பேட்டை நண்பர் தந்த ‘ஆக்கிரமிப்பு’ வலுவான சொல்தான். ஆனால் அது குற்றம் சாட்டுகிறது. முதலில் பிடித்த நிரல் முறைப்படியே பிடித்தது. அதைக் கொன்றுவிட்டால் போதும் என்று புதியவர் ஒருவர் கிளம்பி, செயல் எண் 1 மீது கை வைத்தால் என்ன ஆவது? ‘முரண்பாடு’ நிரல் கோப்புகளை இணைக்கையில் எழும் சிக்கலுக்குப் பொருந்தும், இங்கே ஒட்டவில்லை.

இன்னொன்றையும் கையேடு தெளிவாகச் சொல்ல வேண்டும். எண் ஒன்றாக இருப்பதாலேயே முன்பிடிப்பு ஆகிவிடாது. சர்வரின் நிலையைப் பிரொமீதியஸுக்குத் தரும் நோட் எக்ஸ்போர்ட்டரின் 9100, வலையில் இருக்கும் பல பிரிண்டர்களும் பயன்படுத்தும் எண். இயந்திரம் வேறு என்பதால் தொல்லை இல்லை. ஒரே இயந்திரத்திலும் ஒரு நிரல் 127.0.0.1இலும் (இயந்திரம் தன்னையே குறிக்கும் முகவரி) மற்றொன்று வெளி முகவரியிலும் 9090ஐப் பிடிக்கலாம். 0.0.0.0 என்று எல்லா முகவரிகளையும் சேர்த்துக் கேட்கும்போதுதான் வினை.

சொல் கிளைக்கவும் செய்கிறது. பைண்ட், அதாவது நிரல் ஓர் எண்ணைத் தனக்கென எடுப்பது, ‘பிடித்தல்’. லினக்ஸ் 3.9இலிருந்து பல சாக்கெட்டுகள் ஒப்புதலோடு ஒரே எண்ணைப் பகிரலாம், அது ‘கூட்டுப்பிடிப்பு’. 0ஐக் கேட்டால் கெர்னல் (இயக்குதளத்தின் கரு) தானே ஓர் எண்ணைத் தரும், அது ‘தன்பிடிப்பு’. கடைசிச் சொல் எனக்கே முழு நிறைவு தரவில்லை, நல்லது இருந்தால் தாருங்கள்.

தீர்வுப் பகுதியை இப்படி எழுதிப் பார்த்தேன்:

“9090 முன்பிடிப்பில் உள்ளது. பிடித்திருக்கும் செயலைக் கண்டறிக. அது சிஸ்டம்டி எனில், எந்தச் சாக்கெட்டுக்காகப் பிடித்துள்ளது என்று பார்க்க. பிரொமீதியஸின் வாயிலெண்ணை மாற்றினால் கிராஃபனாவிலும் மாற்ற வேண்டும். ஆகவே காக்பிட்டை நகர்த்துவதே எளிது. அதன் சாக்கெட் அமைப்பில் முதலில் வெற்று மதிப்பு ஒன்றை இட்டுப் பழைய எண்ணை நீக்கியபின் புதிய எண்ணை எழுதுக. வெற்று மதிப்பை இடாமல் விட்டால் இரண்டு எண்களையும் பிடித்துக்கொள்ளும்.”

‘துறை’ என்றே வேண்டுவோர் மேலுள்ள பத்தியில் ‘துறை மோதல்’ என்று மாற்றி வைத்து ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அதன் பிறகும் அதுவே சரியென்றால் காரணத்தோடு எழுதுங்கள், அடுத்த அத்தியாயத்தைத் தொடும் முன் முடித்துவிடுவோம்.