எலக்ட்ரானிக் சோக் போட்டு வால்வு ஆம்ப்பின் ஹம் குறைந்ததா? போட்டவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

சிங்கிள்எண்டட்:

சேனலுக்கு ஒரே ஒரு இஎல்84 அவுட்புட் வால்வு வைத்து, அதாவது சிங்கிள் எண்டடாக, ஆம்ப் கட்டியவர்களுக்கு இந்தத் தொல்லை தெரிந்திருக்கும். பாட்டு ஓடும்போது ஒன்றும் தெரியாது. வால்யூமை முழுக்கக் குறைத்துவிட்டு ஸ்பீக்கர் பக்கத்தில் காதை வைத்தால் 'உர்ர்' என்று ஒரு சத்தம். இரண்டு வால்வு எதிரெதிராக வேலை செய்யும் புஷ்-புல் ஆம்ப்பில், எச்டி லைனில் (வால்வுக்குப் போகும் உயர் வோல்ட்டேஜ் டிசி) மிச்சமிருக்கும் ஆட்டமான ரிப்பிள், அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரின் இரண்டு பாதியிலும் ஒன்றாக வந்து அடிபட்டுப் போய்விடும். சிங்கிள் எண்டடில் அந்தச் சலுகை கிடையாது.

என்னுடையதில் ரெக்டிஃபையருக்குப் பிறகு சுமார் 320 வோல்ட். இரண்டு சேனலும் சேர்ந்து 100 மில்லியாம்ப் இழுக்கும். முதல் கெப்பாசிட்டர் 47 மைக்ரோஃபாரட். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் லைனில் ஃபுல் வேவ் ரிப்பிள் 100 ஹெர்ட்ஸ். கணக்குப் போட்டால் மேலிருந்து கீழாக 21 வோல்ட் ஆட்டம் வருகிறது. கெப்பாசிட்டரை ஏற்றலாமே என்பார்கள். இசெட்81 வால்வு ரெக்டிஃபையர் வைத்தவர்கள் 50 மைக்ரோவைத் தாண்டக் கூடாது, ஜிசெட்34க்கு 60. டயோடு போட்டவர்கள் தாண்டலாம்தான், ஆனால் சார்ஜ் ஆகும் கரண்ட் குறுகலான பல்ஸாக வந்து ட்ரான்ஸ்ஃபார்மரைச் சூடாக்கும்.

ரிப்பிளை வடிக்க முதலில் டியூப்லைட் சோக்கைத்தான் (இரும்பில் கம்பி சுற்றிய காயில்) போட்டுப் பார்த்தேன். பழைய இரும்பு சோக் ஒரு ஹென்றிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். பின்னால் இன்னொரு 47 மைக்ரோ வைத்தால் ரிப்பிள் ஒரு வோல்ட் அளவுக்கு இறங்கும். மோசமில்லை. ஆனால் சோக்கே அதிர்ந்து சத்தம் போடும், அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் வைத்தால் அதன் ஃபீல்டும் உள்ளே ஏறிக்கொள்ளும். 10 ஹென்றி சோக் சுற்றி வாங்கினால் பத்தில் ஒரு பங்கு வோல்ட்டுக்கு வந்துவிடும். எடை, விலை, இடம் மூன்றும் கூடவே வரும்.

அதற்கு அப்புறம்தான் மாஸ்ஃபெட் பக்கம் வந்தேன். ட்ரெயின், சோர்ஸ், கேட் என்று மூன்று கால் உள்ள ட்ரான்ஸிஸ்டர் அது; சோக்குக்குப் பதில் அதை வைப்பதைத்தான் இங்கே எலக்ட்ரானிக் சோக் என்கிறேன். ஒரு ஐஆர்எஃப்840. ட்ரெயினில் 320 வோல்ட், சோர்ஸிலிருந்து ஆம்ப்புக்கு. ட்ரெயினிலிருந்து கேட்டுக்கு 470 கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர், கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு கெப்பாசிட்டர். கேட் கரண்ட் எடுப்பதில்லை என்பதால் இவ்வளவு பெரிய ரெசிஸ்டர் வைக்க முடிகிறது. கேட்டில் ரிப்பிள் சுத்தமாக வடிந்துவிடும், சோர்ஸ் கேட்டைப் பின்தொடரும். விஷயம் அவ்வளவுதான்.

கேட் கெப்பாசிட்டருக்கு எலக்ட்ரோலிட்டிக் வேண்டாம். 20 மைக்ரோ ஆம்ப் கசிந்தாலே 470 கே மேல் 9 வோல்ட்டுக்கு மேல் போய்விடும், அந்தக் கசிவும் நிலையாக இருக்காது. நான் போட்டது சீலிங் ஃபேன் கெப்பாசிட்டர். 2.5 மைக்ரோ, 440 வோல்ட் ஏசி, உள்ளே பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம். எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும். ஆடியோ கெப்பாசிட்டர் என்று தனியாக விலை வைத்து விற்பதை இந்த இடத்தில் வாங்குவது வீண் செலவு.

கணக்குப்படி 21 வோல்ட் 30 மில்லிவோல்ட்டுக்குள் அடங்கும். ஸ்பீக்கரில் காதை ஒட்டினாலும் உர்ர் இல்லை. உங்கள் அனுபவம் என்ன?

கோவைரிப்பேர்:

நான் கட்டுவதை விட, கட்டி எரித்துவிட்டுக் கொண்டுவருவதைப் பார்ப்பதுதான் அதிகம் சார். ஒருவர் ஐஆர்எஃப்540 போட்டிருந்தார். கேட்டால், "மாஸ்ஃபெட் மேல் விழுவது 20 வோல்ட்தானே, இது 100 வோல்ட் தாங்கும்" என்றார். ஓடும்போது 20 வோல்ட்தான். ஸ்விட்ச் போடும் நொடியில் அவுட்புட் கெப்பாசிட்டர் காலி, கேட் கெப்பாசிட்டரும் காலி; ட்ரெயின் மட்டும் உடனே 350க்குப் போய்விடும். வால்வு சூடாகாததால் லோடும் இல்லை. அந்த முழு வோல்ட்டேஜும் மாஸ்ஃபெட் தலையில். 500 வோல்ட்டுக்குக் குறைந்த எதையும் தொடாதீர்கள்.

அது செத்த பிறகும் ஆம்ப் பாடிக்கொண்டிருந்தது, அதுதான் வேடிக்கை. மாஸ்ஃபெட் பெரும்பாலும் ஷார்ட்டாகித்தான் போகும். ட்ரெயினும் சோர்ஸும் ஒட்டிக்கொண்டால் எச்டி தடையில்லாமல் போகும், ஹம் மட்டும் திரும்பி வந்துவிடும். அவர் வால்வு போய்விட்டது என்று நினைத்து இஎல்84 இரண்டையும் மாற்றியிருந்தார்.

இன்னொன்று, ஹீட்சிங்க். மாஸ்ஃபெட்டின் உலோக முதுகு ட்ரெயினோடு சேர்ந்தது, அதாவது அதில் 320 வோல்ட். நடுவே கரண்ட் கடத்தாத மைக்கா தகடும் ஸ்க்ரூவுக்கு புஷ்ஷும் கட்டாயம். ஒரு ஆம்ப்பில் எல்லாம் போட்டிருந்தும் அடிக்கடி ஃபியூஸ் போனது. கழற்றிப் பார்த்தால், அலுமினியத்தில் ட்ரில் போட்ட ஓட்டையின் விளிம்பில் மயிரிழை அளவுக்கு ஒரு பிசிர். அது மைக்காவைத் துளைத்து, சுற்றிலும் ஊசிமுனை அளவுக்குக் கறுத்திருந்தது. பெரிய ட்ரில் பிட்டைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி விளிம்பைச் செதுக்கிவிட்டால் இந்த வம்பே இல்லை. மாட்டியதும் முதுகுக்கும் சேஸிஸுக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கரண்ட் கொடுக்க வேண்டும். மீட்டர் காட்டும் ஓம்ஸ் மட்டும் போதாது, மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) இருந்தால் 500 வோல்ட்டில் சோதியுங்கள்.

கேட் ஸ்டாப்பரை, அதாவது கேட்டோடு சீரிஸில் வரும் சின்ன ரெசிஸ்டரைப் பற்றி நீங்கள் சொல்லவில்லை. 220 ஓம்ஸ் அல்லது 470 ஓம்ஸ், கேட் காலை ஒட்டியே சால்டர் பண்ண வேண்டும். நீள வயரில் தொங்கவிட்டால் மாஸ்ஃபெட் மெகாஹெர்ட்ஸில் ஆடும். ஆம்ப் நன்றாகப் பாடும், ஆனால் வீட்டில் ரேடியோ போட்டால் இரைச்சல். கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே வோல்ட்டேஜ் எல்லை தாண்டாமல் காக்க 12 வோல்ட் ஜீனர் டயோடு ஒன்றும் வேண்டும்.

மதுரைக்காரன்:

அண்ணே, எனக்கு ஹம் போகவில்லை. போட்டது புஷ்-புல் ஆம்ப்பில். சும்மா இருக்கும்போது அமைதி. சத்தமாக வைத்து மிருதங்கம் ஓடும்போது அடிக்கு அடி ஒரு கரகரப்பு. அப்புறம் பக்கத்து வீட்டில் தண்ணி மோட்டார் போட்டால் ஒரு விநாடிக்கு 'புர்ர்' என்று வந்துவிட்டு அடங்கும். 470 கே, 2.5 மைக்ரோ, எல்லாம் நீங்கள் சொன்ன மாதிரிதான்.

சிங்கிள்எண்டட்:

தம்பி, கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு ரெசிஸ்டர் இருக்கிறதா? கெப்பாசிட்டர் மட்டும் என்றால் காரணம் அதுதான். நானும் மேலே விரிவாகச் சொல்லாமல் விட்ட இடம் இது. ரெசிஸ்டர் இல்லையென்றால் கேட் 320 என்ற சராசரிக்கே போய் உட்காரும். சோர்ஸ் அதற்கு ஒரு 4 வோல்ட் கீழே, 316. ஆனால் ட்ரெயின் ஒவ்வொரு ஆட்டத்திலும் பத்தரை வோல்ட் இறங்கி 309க்கு வரும். வருகிற வோல்ட்டேஜே 309 ஆக இருக்கும்போது 316 எப்படிக் கொடுக்கும்? அந்தப் பள்ளம் அப்படியே ஆம்ப்புக்குள் போகும்.

கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 4.7 மெகா ஓம் ரெசிஸ்டர் இரண்டு சீரிஸில் போடுங்கள். ஒன்றே போதாதா என்றால், கால் வாட் ரெசிஸ்டர் பொதுவாக 250 வோல்ட்தான் தாங்கும், அதனால் இரண்டு. கேட் 305க்கு இறங்கும், அவுட்புட் 301. பள்ளத்துக்கும் அதற்கும் நடுவே 8 வோல்ட் இடம். வீணாவது 19 வோல்ட், 100 மில்லியாம்ப்புக்கு 2 வாட் சூடு. இந்த 19 வோல்ட்டை விட்டுக்கொடுக்க மனமில்லாதவர்களுக்கு எலக்ட்ரானிக் சோக் ஒத்துவராது.

என்னுடையது கிளாஸ் ஏ, இழுக்கும் கரண்ட் ஏறக்குறைய மாறாது, எனக்கு இது போதும். உங்கள் புஷ்-புல் கிளாஸ் ஏபி என்றால் மிருதங்க அடிக்குக் கரண்ட் ஏறும், ரிப்பிளும் ஏறும், எச்டியும் தொய்யும். கேட் கெப்பாசிட்டர் பழைய வோல்ட்டேஜையே ஒரு விநாடி பிடித்து வைத்திருப்பதால் மாஸ்ஃபெட் முழுக்கத் திறந்துவிடும். மோட்டார் போடும்போது நடப்பதும் இதேதான். உங்களுக்கு 35, 40 வோல்ட்டாவது விட வேண்டும். அல்லது அவுட்புட் வால்வு ஆனோடை நேராக முதல் கெப்பாசிட்டரிலிருந்து எடுத்துவிட்டு, அந்த வால்வின் ஸ்க்ரீன் க்ரிட்டுக்கும் முன் வால்வுகளுக்கும் மட்டும் இதைப் போடுங்கள். புஷ்-புல்லுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

இரும்புசோக்:

மோட்டார் 'புர்ர்' இரும்பு சோக்கில் வராது, அதை எழுதிவிடுகிறேன். கரண்டைச் சேமித்து வைத்துக் கொடுப்பதும் இரும்புதான். சோக் இன்புட் சப்ளை, அதாவது ரெக்டிஃபையருக்கு அடுத்ததே சோக் வரும் சர்க்யூட்டில், உங்கள் மாஸ்ஃபெட்டை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அங்கே ஏசியின் 0.9 மடங்கு வருவதற்கே சோக்தான் காரணம்.

இன்னொன்று, 50 ஹெர்ட்ஸ் ஹம்முக்கும் இதைப் போட்டுவிட்டு வந்து புலம்புகிறவர்கள் உண்டு. ஹீட்டர் வயரை முறுக்காமல் விட்டது, கிரவுண்ட் லூப், மெயின்ஸ் ட்ரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் இதற்கெல்லாம் எந்த சோக்கும் மருந்தில்லை. 100 ஹெர்ட்ஸ் கொஞ்சம் கரகரப்பாக இருக்கும், 50 தடித்து இருக்கும். காதாலேயே பிரிக்கலாம்.

மதுரைக்காரன்:

கிரவுண்ட் ரெசிஸ்டர் இல்லைதான் அண்ணே, போட்டுவிட்டுச் சொல்கிறேன். சேனலுக்கு ஒன்றாக இரண்டு மாஸ்ஃபெட் போட்டால் ஃபேன் கெப்பாசிட்டரும் இரண்டு வேண்டுமா?

சிங்கிள்எண்டட்:

வேண்டாம். கெப்பாசிட்டர், 470 கே, 4.7 மெகா எல்லாம் ஒரு செட் போதும், இரண்டு கேட்டும் அங்கிருந்தே எடுக்கலாம். கேட் ஸ்டாப்பரும் ஜீனரும் மட்டும் தனித்தனி. ஒரு சேனலில் ஷார்ட் வந்தால் ஜீனர் வழியாகக் கேட் இறங்கி இன்னொரு சேனலும் படுத்துவிடும், அது பரவாயில்லை. ஆஃப் பண்ணியதும் உடனே கை வைக்காதீர்கள், ஃபேன் கெப்பாசிட்டர் 4.7 மெகா வழியாக மட்டும் வடிய நேரமாகும். முதல் கெப்பாசிட்டரில் சார்ஜை வடிக்க ஒரு 220 கே, 2 வாட் ப்ளீடர் ரெசிஸ்டர் போட்டுவிட்டு, மீட்டரில் பார்த்த பிறகு தொடுங்கள்.