தூக்கிலிட்ட அடிமைக்கு எஜமானுக்குப் பணமா? யார் கொடுத்தது?

சேன்-தெனி வாசகன்:
வணக்கம். கும்பினிக் காலத்து (பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட காலம்) பூர்போன் தீவின் (இன்றைய ரெயூனியோன்) தீர்ப்பு நகல் ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கிறேன். மரண தண்டனைக்குக் கீழேயே அந்த அடிமைக்கு விலை போட்டிருக்கிறார்கள். கொன்றது அரசு, பணம் எஜமானுக்கா? எந்தக் கணக்கிலிருந்து? அடிமை ஒழிப்புக்காக எஜமான்களுக்குத் தந்த 1849 நஷ்டஈட்டுப் பட்டியலில் அந்த அடிமையின் பெயரைத் தேடலாமா?

பழைய பத்திரம்:
எஜமானுக்கேதான். 1685 பிரெஞ்சு அடிமைச் சட்டத்தின் 40-ஆவது பிரிவில் வந்த ஏற்பாடு இது. பூர்போனுக்கும் மொரிசியஸுக்கும் 1723 டிசம்பர் அரசாணை வழியாக வந்தது. இரண்டு நிபந்தனை: எஜமானே புகார் கொடுத்திருக்க வேண்டும், குற்றத்தில் அவருக்குப் பங்கு இருக்கக் கூடாது. நஷ்டத்துக்குப் பயந்து ஆளை ஒளித்து வைப்பார்கள் என்றுதான் இந்த ஆசை காட்டல். காட்டிக்கொடுத்தால் காசு!

நீதிபதி நியமிக்கும் முக்கியக் குடிகள் இருவர், தண்டனை நிறைவேறும் முன்பே விலை மதிக்க வேண்டும். அந்தத் தொகை அரசன் கஜானாவிலிருந்து வராது. தீவிலுள்ள அடிமைகளின் தலைக்கு இவ்வளவு என்று பிரித்து, மற்ற எஜமான்களிடம் தலைவரியாக வசூலிப்பார்கள். ஆகவே தீர்ப்போடு நிறுத்தாதீர்கள். மதிப்பீட்டாளர் இருவரின் பெயர், லீவ்ர் (பழைய பிரெஞ்சு நாணயம்) கணக்கில் விலை, வரி விதித்த உத்தரவு மூன்றையும் தேடுங்கள். மதிப்பீடே இல்லையென்றால் புகார் கொடுத்தது யார் என்று முதலில் பாருங்கள். வேறொருவர் என்றால் சட்டத்தின் எழுத்துப்படி எஜமானுக்கு உரிமை கிடையாது.

சிலாவோஸ்:
மலைக்கு ஓடிப்போனவர்கள் விஷயத்தில் பதிவைக் கவனியுங்கள். ஓடியதை எஜமான் நீதிமன்றத்தில் சொன்ன நாளிலிருந்துதான் ஒரு மாதக் கணக்கு ஓடும். அதைத் தாண்டினால்தான் காது அறுப்பதும் சூடு போடுவதும். மூன்றாம் முறை மரணம். வேட்டைப் படை காட்டிலேயே சுட்டுவிட்டால் சாட்சியாக வெட்டிய கையைக் கொண்டுவருவார்கள். கையை வைத்து ஆளை அடையாளம் சொல்ல முடியுமா? அதனால் பல அறிக்கைகளில் பெயர் இருக்காது. ஓட்டப் பதிவின் தேதி, எஜமான் பெயர், படை போன திசை இவற்றைச் சேர்த்துப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும்.

போர்லூயி 1835:
1849-இல் தேட வேண்டாம் தம்பி, அது முற்றிலும் வேறு கணக்கு. ரெயூனியோனில் 1848 டிசம்பர் 20 அன்று விடுதலையானவர்களுக்காக எஜமான்கள் வாங்கியது அது. பிரெஞ்சுக் காலனிகள் அனைத்துக்கும் சேர்த்து 60 லட்சம் பிராங்க் ரொக்கம், 12 கோடி பிராங்குக்கு ஐந்து சத வட்டிப் பத்திரம். ரெயூனியோனில் தலைக்குச் சுமார் 711 பிராங்க். நூறாண்டு முன்பு செத்தவர் அதில் எப்படி வருவார்?

அப்போது பிரிட்டன் ஆண்ட மொரிசியஸிலும் அப்படியே. 1835 பிப்ரவரி 1 விடுதலைக்குப் பிரிட்டன் ஒதுக்கிய 2 கோடி பவுண்டில் இங்கே வந்தது சுமார் 21 லட்சம். எஜமான் பெயரை லண்டன் யூனிவர்சிட்டி காலேஜின் இணையத் தரவுத்தளத்தில் இலவசமாகத் தேடலாம். அடமானம் பிடித்தவன் குறுக்கே விழுந்து உரிமை கேட்ட வழக்குகளும் அதில் உண்டு. அடிமைகளின் பெயருக்குப் பழைய அடிமைப் பதிவேடுகளைத்தான் பார்க்க வேண்டும். இங்கே அவை 1815-இல் தொடங்குகின்றன.

சேன்-தெனி வாசகன்:
நன்றி அண்ணா. புகார் கொடுத்தவர் பக்கத்துத் தோட்டக்காரர் என்றுதான் நகலில் இருக்கிறது. ஆனாலும் விலை போட்டிருக்கிறார்களே?

பழைய பத்திரம்:
அப்படியானால் வரி உத்தரவு இருக்கிறதா என்று பாருங்கள். விலை மதித்ததாலேயே பணம் கைக்கு வந்தது என்று சொல்லிவிட முடியாது.