பாரோங், கிரீடம், பதக்கம்: பிலிப்பினோ நண்பர்களோடு மறக்க முடியாத ஒரு நிமிடம்

கடலோடி:

பாரோங் என்றால் பிலிப்பினோ ஆண்கள் விசேஷங்களுக்கு அணியும் மெல்லிய மேல்சட்டை என்று இங்கே எல்லோருக்கும் தெரியும், நேரே விஷயத்துக்கு வருகிறேன். என்னோடு கப்பலில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்த நண்பனுக்குத் திருமணம். பிலிப்பைன்ஸின் லகுனா மாகாணத்தில், லும்பான் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மாப்பிள்ளைத் தோழனாக நீதான் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டான். என் அளவுக்கு அவர்கள் வீட்டில் ஒரே ஒரு பாரோங்தான் இருந்தது, அவன் தாத்தாவுடையது. அன்னாசி நாரில் நெய்தது. நெஞ்சின் இரு பக்கமும் வெள்ளை நூலில் பூ வேலை.

நான் வழக்கம்போல் அதைக் கால்சட்டைக்குள் செருகி, பெல்ட்டை இறுக்கிக்கொண்டு மாதா கோயில் வாசலில் போய் நின்றேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு தாத்தா வந்தார். எண்பதைத் தாண்டியவர். ஒரு வார்த்தை பேசவில்லை. என் இடுப்பில் கை வைத்துச் சட்டையைச் சுற்றிலும் மெதுவாக வெளியே எடுத்துவிட்டார். கசங்கிய விளிம்பை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து, நேராகும்வரை நீவினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. குழந்தைக்கு அடிபட்டால் பெரியவர்கள் பார்ப்பார்களே, அப்படித்தான் அந்த விளிம்பைப் பார்த்தார்.

மறுநாள் திருப்பிக் கொடுக்கப் போனேன். வாங்க மறுத்துவிட்டார். விருந்தாளி என்பதால் கொடுத்தாரா, நான் பாழாக்கிவிட்டேன் என்பதால் வேண்டாம் என்றாரா? ஒன்பது ஆண்டுகளாக இது என்னை அரிக்கிறது.

மணிலாவாசி:

கடலோடி, உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் சட்டையை வெளியே விடுவதற்குக் காரணம் இருக்கிறது. மணிலாவில் பன்னிரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். வந்த புதிதில் இங்குள்ள பழைய இன்ட்ராமுரோஸ் கோட்டையைச் சுற்றிக் காட்டிய வழிகாட்டி, தான் அணிந்திருந்த பாரோங்கின் கைப்பகுதியை வெயிலுக்கு நேரே தூக்கிக் காட்டினார். உள்ளே அவர் கை முழுவதும் தெரிந்தது. “ஆயுதத்தை மறைக்க முடியாதபடி மெல்லியதாக உடுத்தச் சொன்னார்கள். பை வைக்கக் கூடாது, உள்ளே செருகக் கூடாது என்றார்கள். எங்களைத் தாழ்த்த ஸ்பானியர்கள் போட்ட விதியை நாங்கள் எங்கள் உயர்ந்த உடையாக்கிக்கொண்டோம்” என்றார். கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்தது. 1953-இல் ரமோன் மகசேசே பதவியேற்றபோது கோட்டு இல்லாமல் பாரோங் அணிந்து நின்றார். அப்படிச் செய்த முதல் ஜனாதிபதி அவர்தான். அந்த வழிகாட்டியின் குரலைக் கேட்ட பிறகுதான் அதன் கனம் எனக்குப் புரிந்தது.

டாவோ மாணவன்:

மணிலாவாசி அண்ணா, அந்தக் கதையை எங்கள் கல்லூரியிலும் சொல்வார்கள். ஆனால் அப்படி ஓர் ஆணை இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்கிறார்கள் வரலாற்று ஆய்வாளர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியங்களைப் பாருங்கள். வசதி படைத்தவர்கள் பூ வேலைச் சட்டையை வெளியே விட்டு, தலையில் உயரத் தொப்பியும் வைத்துக்கொண்டு நிற்பார்கள். இழிவின் அடையாளமாக இருந்தால் பணக்காரன் அதற்கு அவ்வளவு செலவு செய்வானா? அந்த வெக்கையில் சட்டையைத் தொங்கவிடுவது இயல்பு. அதற்கு ஸ்பானியன் விதி போட வேண்டியதில்லை. பிலிப்பினோக்களின் பெருமையை இன்னொருவன் அடித்த அடியிலிருந்து தொடங்கிச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை.

என் அனுபவம் சிறியது. 2021 ஜூலை 26. கொரோனா காலம், நாங்கள் நான்கு பேர் மட்டும் ஊருக்குத் திரும்பாமல் டாவோவில் இருந்தோம். இரண்டு நாள் முன்புதான் நம் மீராபாய் சானு ஒலிம்பிக் பளுதூக்குதலில் வெள்ளி வாங்கியிருந்தார். அன்று மாலை வீட்டுக்கார அம்மா எங்களைக் கீழே அழைத்தார். “டோங், வாருங்கள், ஹிடிலின் தூக்குகிறாள்.” (அந்தப் பக்கம் பையன்களை ‘டோங்’ என்றுதான் அழைப்பார்கள். ஹிடிலின் அவர்கள் நாட்டுப் பளுதூக்கும் வீராங்கனை.) கடைசியாகத் தூக்கியது 127 கிலோ. இரண்டு வகைத் தூக்குதலும் சேர்த்து மொத்தம் 224. சீன வீராங்கனைக்கு 223. ஒரே ஒரு கிலோ! 1924 முதல் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டு வந்த நாட்டுக்கு அதுதான் முதல் தங்கம்.

அம்மா கத்தவில்லை, அழவும் இல்லை. உள்ளே போய் வீட்டு உடுப்பை மாற்றினார். மேலெழும்பிய வண்ணத்துப்பூச்சிக் கைகள் வைத்த பழைய தெர்னோ (பிலிப்பினோ பெண்களின் விழா உடை) ஒன்றை அணிந்துவந்தார். நாட்டுப்பண் ஒலித்தபோது தொலைக்காட்சிக்கு முன்னால் நெஞ்சில் கை வைத்து நின்றார். செருப்பில்லாத கால். நாங்களும் எழுந்து நின்றோம். சானுவுக்காக நான் எழுந்து நின்றேனா என்று அன்றிரவு யோசித்தேன். கைப்பேசியில் செய்தி பார்த்துவிட்டுப் படிக்கப் போயிருந்தேன்.

இரவுப்பணி:

துபாயில் செவிலியாக இருந்தேன். 2015 டிசம்பர் 21, விடியற்காலை. பிலிப்பைன்ஸின் இலோய்லோவைச் சேர்ந்த மூத்த செவிலி ஒருவர், நாங்கள் ‘ஆத்தே’ என்போம், அக்கா என்று அர்த்தம். மருந்து வண்டியின் மேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, ஒலி இல்லாமல் மிஸ் யுனிவர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். கிரீடம் கொலம்பியாவுக்குப் போனது. ஆத்தே கைப்பேசியைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு, ஏழாம் படுக்கைக்குச் சொட்டு மருந்து மாற்றப் போய்விட்டார். அறிவித்தவர் தவறுதலாகப் படித்துவிட்டார் என்பதை நான்தான் பார்த்தேன். ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் நம்பவில்லை. ஊசியைச் சரியாகப் பொருத்தி, நோயாளியின் போர்வையை இழுத்துவிட்டு, அதன் பிறகுதான் வந்து பார்த்தார். பிலிப்பைன்ஸ் அழகி பியா தலையில் கிரீடம். அந்த நாட்டுக்கு 1973-க்குப் பிறகு 42 ஆண்டுகள் கழித்து! ஆத்தே சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றார்.

பிறகு என்னிடம் சொன்னார்: “உங்கள் சுஷ்மிதா எங்கள் மணிலாவில்தான் 1994-இல் ஜெயித்தாள். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அவளுக்காகக் கை தட்டினேன்.” எனக்கு அது மணிலாவில் நடந்தது என்பதே தெரியாது.

கடலோடி, இன்னொன்று. ஆண்கள் இறந்தால் பாரோங் உடுத்தித்தான் பெட்டியில் வைப்பார்கள். ஆத்தேயின் அப்பாவுக்கு அப்படித்தான் செய்தார்கள், படம் காட்டினார். அதனால் வயதானவர்கள் தங்கள் நல்ல பாரோங்கை எளிதில் யாருக்கும் கொடுப்பதில்லை என்றும் சொன்னார்.

நூல்கண்டு:

பிலிப்பைன்ஸின் கலிபோ ஊரில் அன்னாசி நார் நெசவைப் பார்த்திருக்கிறேன். 2023-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததே, அக்லான் மாகாணத்து நெசவு, அதுதான். ஓர் அம்மாள் உடைந்த பீங்கான் தட்டின் விளிம்பால் இலையைச் சுரண்டி முரட்டு நாரை எடுத்தார், பிறகு தேங்காய்ச் சிரட்டையால் சுரண்டி மெல்லிய நாரை எடுத்தார். அந்த நாரை ஒவ்வொன்றாக முடிச்சிட்டால்தான் நூல். காற்று பட்டால் பறந்து சிக்கும் என்பதால் அந்த வெக்கையிலும் மின்விசிறி ஓடவில்லை. என் கதை இவ்வளவுதான்.

ஆனால் வாங்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். ‘ஜூசி’ என்று விற்பது முன்பு நார் கலந்த துணி, இன்று பெரும்பாலும் பட்டு. அது குற்றமில்லை, ஆனால் அன்னாசி நார் என்று சொல்லி அந்த விலை வாங்கினால் ஏமாறாதீர்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: கையால் முடிச்சிட்ட இழை ஒரே சீராக இருக்காது, இங்கொன்று அங்கொன்று தடித்திருக்கும். கண்ணாடிபோல் ஒரே மினுமினுப்பு என்றால் பாலியஸ்டர். பூ வேலையைத் திருப்பிப் பாருங்கள், கைவேலையின் பின்பக்கமும் ஓரளவு சுத்தமாக இருக்கும். இழைகளை உருவி எடுத்துச் சல்லடைபோல் செய்யும் ‘கலாதோ’ வேலை லும்பானில் பெயர்பெற்றது. உள்ளே வெள்ளை மெல்லிய பனியன் கட்டாயம், எழுத்து அச்சிட்ட பனியன் போட்டால் அத்தனையும் வெளியே தெரியும். பெல்ட்டில் பளபளக்கும் கொக்கி வேண்டாம், துணியில் உரசி இழை அறும்.

துவைப்பது: கையால் மட்டும், குளிர்ந்த நீர், மிதமான சோப்பு. பிழியவே கூடாது. துண்டின் மேல் நிழலில் பரப்பி, ஈரம் முழுவதும் போவதற்கு முன்பே மேலே ஒரு பருத்தித் துணி போட்டு இஸ்திரி செய்யுங்கள். பிளாஸ்டிக் உறையில் மாட்டி வைக்காதீர்கள், மஞ்சள் பிடிக்கும். மடித்து வைத்தால் மடிப்பில் நார் ஒடியும். வெள்ளைத் துணி சுற்றிய குழலில் உருட்டி வையுங்கள்.

மணிலாவாசி:

தம்பி டாவோ மாணவன், ஆய்வாளர்கள் சொல்வது சரியாகவே இருக்கட்டும். அந்த வழிகாட்டி பொய் சொல்லவில்லை, அவர் பாட்டன் சொன்னதைச் சொன்னார். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆளப்பட்டவர்களின் வீடுகளில் இந்தக் கதை உயிரோடு இருப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. ஓவியத்தில் நிற்பவர்கள் பணக்காரர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வயலில் நின்றவனை யார் வரைந்தார்கள்?

டாவோ மாணவன்:

வயலில் நின்றவன் அன்னாசி நாரில் பூ வேலை செய்த சட்டை போட்டிருக்க மாட்டான் அண்ணா. நாம் பேசுவது அந்தச் சட்டையைப் பற்றி.

கடலோடி:

இரவுப்பணி சகோதரி எழுதியதை இரண்டு முறை படித்தேன். பிறகு அலமாரியைத் திறந்தேன். ஒன்பது ஆண்டுகளாகப் பிளாஸ்டிக் உறையில்தான் மாட்டி வைத்திருந்தேன். உறையைக் கிழித்துவிட்டேன். கழுத்துப்பட்டியில் விரல் அகலத்துக்கு மஞ்சள் ஓடியிருக்கிறது, பூ வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. நண்பனிடம் பேசினேன். தாத்தா இருக்கிறார், படுக்கையில்தான். டிசம்பரில் போகிறேன், சட்டையைக் கையோடு எடுத்துப் போகிறேன்.

நூல்கண்டு, வெளுப்பான் போடாமல் அந்த மஞ்சளை எடுக்க வழி உண்டா? எலுமிச்சைச் சாறு என்கிறாள் என் மனைவி. எனக்குத் தொடவே பயமாக இருக்கிறது.