பார்ன்போ தொழிற்சாலைப் பெண்கள்: படங்களும் குரல்பதிவுகளும் தேவை

வணக்கம் தோழமைகளே. மகளிர் தினத்தையொட்டி எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சின்னதாக ஒரு கண்காட்சி வைக்கிறோம். முதல் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டனின் வெடிகுண்டுத் தொழிற்சாலைகளில் உழைத்த பெண்களைப் பற்றியது. லீட்ஸ் நகரை ஒட்டியிருந்த பார்ன்போ ஆலையை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அங்கே பெரும்பாலும் பெண்கள்தான் வேலை பார்த்தார்கள். இரவு பகலாக மூன்று ஷிஃப்ட். உள்ளே நுழையுமுன் சொந்த உடையைக் கழற்றிவிட்டு மேலங்கியும் தொப்பியும் மாட்டிக்கொள்ள வேண்டும். கொண்டை ஊசிகூடக் கூடாது, ஒரு பொறி பறந்தால் போதும். டி.என்.டி. வெடிமருந்தைத் தொட்டுத் தொட்டு முகமும் கையும் மஞ்சளாகிவிடும். சில ஆலைகளில் இறந்தே போனார்கள். கல்லீரல் கெட்டு வந்த காமாலை. 1916 டிசம்பர் 5 இரவு, 42ஆம் எண் அறையில் குண்டு வெடித்து 35 பெண்கள் பலியானார்கள். போர்க்காலத் தணிக்கையால் அப்போது செய்தி வெளியே வரவில்லை. சில மணி நேரத்தில் அதே அறையில் வேலை தொடர்ந்தது. இதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவே இல்லை.

லீட்ஸ் பக்கம் யாராவது இருக்கிறீர்களா? மேன்ஸ்டன் பூங்காவில் இவர்களுக்கான நினைவுச்சின்னத்தைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா? பெயர்கள் தெளிவாகத் தெரிய வேண்டும். லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் குரல்பதிவுகளைப் பொதுவில் ஒலிக்கவிட எப்படி அனுமதி வாங்குவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். 1918க்குப் பிறகு வேலையிழந்த இந்தப் பெண்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு நல்ல கட்டுரை இருந்தாலும் அனுப்புங்கள், தமிழாக்கம் நாங்களே செய்துகொள்கிறோம்.